மூன்றாவது குழாய்

“ஈஸ்ட் காற்றில்லாமலும் வளரும்.”

இந்த ஒரு வரியைத் தேர்வில் எழுதாமல் உயிரியல் படித்து வெளியேறியவர் மிகச் சிலரே இருப்பர். நானும் எழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த வரி பாதி உண்மைதான் என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது எந்த நூலும் அன்று. ஒரு சோதனைக் குழாய். அதைக் கண்ணால் கண்ட பிறகும் பதிவேட்டில் பொய் எழுதியவன் நான். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர்கள் கேட்டபோது, வழக்கமான அறிவுரைகளை எழுதித் தருவதைவிட, அந்தப் பொய்யைப் பற்றி எழுதுவதே அவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணினேன்.

அப்போது நான் இளம் அறிவியல் மாணவன். வீடு தவளக்குப்பத்தில். காலையில் கடலூர் சாலையில் பேருந்து ஏறி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் அரியாங்குப்பத்தையும் கடந்து கல்லூரிக்குச் செல்வேன். எந்தக் கல்லூரி என்று கேட்க வேண்டாம். அங்கு நடந்தது பல இடங்களிலும் நடப்பதுதான்.

நொதித்தலைக் காட்டுவதற்குக் கல்லூரிகளில் பொதுவாகச் செய்யும் சோதனை கூனேயின் நொதித்தல் குழாய். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டைக் கலந்து குழாயில் நிரப்பி வைத்தால், சில மணி நேரத்தில் கரியமில வாயு மேலே சேரும். கரைசலில் சாராய வாடை வரும். நல்ல சோதனைதான். ஆனால், அது ஈஸ்ட் வேலை செய்வதைத்தான் காட்டுகிறது. ஈஸ்ட் பெருகுவதைக் காட்டவில்லை. வேலை செய்வது வேறு, வளர்ந்து பெருகுவது வேறு அல்லவா? இந்த வேறுபாட்டைக் காண்பதற்காக எங்களுக்கு இன்னொரு சோதனையும் தரப்பட்டது.

குளுக்கோசும் பெப்டோனும் கலந்த ஊடகத்தைக் கொதிக்க வைத்து, அதில் கரைந்துள்ள காற்றை வெளியேற்றி, ஆறவைத்து, குழாய்களில் 9 மில்லி வீதம் ஊற்றினோம். நன்றாகக் காற்றோட்டத்தில் வளர்ந்த ஈஸ்ட் கலவையில் 1 மில்லியை முதற்குழாயில் சேர்த்தோம். பஞ்சடைப்பின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, எஞ்சியதைக் குழாய்க்குள் சற்றே கீழே தள்ளி, அதன்மேல் பைரோகாலாலையும் சோடியம் ஹைடிராக்சைடு கரைசலையும் இட்டு, உடனே ரப்பர் அடைப்பானால் இறுக மூடினோம். அக்கலவை குழாயில் மிஞ்சிய ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு கருப்பாக மாறும். (மெழுகுவத்தியை ஏற்றி மூடி வைத்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காற்றில் உள்ள 21 விழுக்காடு ஆக்சிஜனில் ஏறக்குறைய 16 விழுக்காடு மிஞ்சியிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும்.)

இரண்டு நாட்களில் முதற்குழாய் நன்றாகக் கலங்கியது. அதிலிருந்து 1 மில்லி எடுத்து இரண்டாவது குழாயில் சேர்த்து, அதே முறையில் மூடினோம். அதிலிருந்து மூன்றாவது குழாய். ஆக, ஒவ்வொரு குழாயிலும் ஈஸ்ட் பத்து மடங்கு பெருகினால்தான் பழைய கலங்கலை எட்டும்.

என் இரண்டாவது குழாய் இலேசாகவே கலங்கியது. மூன்றாவது குழாய் நான்கு நாட்களுக்குப் பிறகும் ஏறக்குறையத் தெளிவாகவே நின்றது. நான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தும் பார்த்தேன். செல்கள் இருந்தன, மொட்டுவிடுபவை மிகக் குறைவு.

ஆசிரியரிடம் சென்று, “சார், மூணாவது குழாயில வளரலை” என்றேன்.

“புத்தகத்துல வளரும்னுதானேப்பா போட்டிருக்கு? வளரலைன்னா தப்பு உன் கையிலதான். பக்கத்துல எழுதினதைப் பார்த்து எழுதிக்கிட்டு வா. கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. மேசையில் அறுபது பதிவேடுகள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. பக்கத்து மேசை நண்பனின் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று குழாய்க்கும் நேராக மூன்று மூன்று கூட்டல் குறிகள். அவன் அதை யாரைப் பார்த்து எழுதினானோ! நானும் அவ்வாறே எழுதினேன். குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு வீடு திரும்பினேன். அன்றைக்கு எனக்கு வருத்தம்கூட இல்லை. பதிவேடு முடிந்த நிம்மதிதான் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, முதுகலை படிக்கும்போது நூலகத்தில் ஒரு செய்தியைக் கண்டேன். அமெரிக்காவில் ஆண்ட்ரீசன், ஸ்டயர் என்னும் இருவர் ஆக்சிஜனை அறவே நீக்கிய நிலையில் ஈஸ்டை வளர்க்க முயன்றிருக்கிறார்கள். சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் இருந்தும் வளர்ச்சி நின்றுபோயிற்று. எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளைச் சேர்த்ததும் வளர்ச்சி கூடியது. இதை 1953இல் வெளியிட்டார்கள். அதோடு ஓலியிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலமும் தேவை என்பதை 1954இல் வெளியிட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததும் அதே 1954ஆம் ஆண்டில்தான். நான் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த உண்மை. என் பாட நூலுக்கு மட்டும் வந்து சேரவில்லை!

காரணம் என்ன? ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஈஸ்டின் சவ்வு உறுதியாகவும் நெகிழ்வாகவும் இருக்க எர்கோஸ்டிராலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் வேண்டும். இவ்விரண்டையும் ஈஸ்ட் தானே செய்துகொள்ளும். ஆனால், செய்வதற்கு ஆக்சிஜன் தேவை. மூச்சு விடுவதற்காக அன்று, கட்டுமானப் பொருளாக! ஆற்றலைச் சர்க்கரையிலிருந்து காற்றில்லாமலே பெற்றுக்கொள்ளலாம். வீடு கட்டும் செங்கல்லுக்கு மட்டும் காற்று வேண்டும்.

அப்படியானால் முதற்குழாய் எப்படிக் கலங்கியது? வெளியூர் செல்லும் பிள்ளைக்குத் தாய் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதில்லையா? காற்றில் வளர்ந்த தாய்ச் செல் தன் உடலில் எர்கோஸ்டிராலைச் சேமித்து வைத்திருக்கிறது. காற்றில்லாக் குழாய்க்குள் அது மொட்டுவிடும்போது, அந்தச் சேமிப்பு தாய்க்கும் சேய்க்கும் பங்காகிறது. ஐந்து முறை இரட்டித்தால் ஒரு செல்லின் பங்கு முப்பத்திரண்டில் ஒன்று. மூன்று குழாய்களைக் கடந்து ஆயிரம் மடங்கு பெருக வேண்டுமென்றால், ஒரு கட்டுச்சோற்றை ஆயிரம் பேர் பகிர்ந்து உண்ண வேண்டும். முடியுமா? எனவே வளர்ச்சி நிற்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். “என் குழாய் சரியாகத்தான் சொன்னது!” என்று துள்ளியிருக்க வேண்டும். ஆனால், அவ்வாறு சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்தக் குழாய் தெளிவாக நின்றதற்கு எர்கோஸ்டிரால் குறைவுதான் காரணமா, நான் சேர்த்த ஈஸ்ட் போதவில்லையா, ஊடகம் கெட்டுவிட்டதா? எத்தனை மணி நேரம் வைத்தேன், எவ்வளவு கலங்கல் இருந்தது என்ற குறிப்பு இருந்தால் இன்று ஓரளவு சொல்லலாம். என் பதிவேட்டில் இருப்பதோ ஒன்பது கூட்டல் குறிகள். உண்மையைக் கண்டவன் நான். அதற்குச் சாட்சியை அழித்தவனும் நானே. மதிப்பெண்ணுக்காக நான் கொடுத்த விலை இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. “காற்றில்லாமல் வளரும்” என்ற வரிக்கு மூலவராக நாம் காட்டும் லூயி பாஸ்டர், இதைப் பாதியாகச் சொன்னவர் அல்லர். 1856இல் லீல் நகரத்து வடிசாலை முதலாளி ஒருவர் தம் பீட்ரூட் சாராயம் கெட்டுப்போவதைச் சொல்லி உதவி கேட்டதிலிருந்து அவருடைய நொதித்தல் ஆய்வு தொடங்கியது. காற்று இருந்தால் ஈஸ்ட் மிகுதியாகப் பெருகுகிறது, ஒரு பங்கு ஈஸ்டுக்குக் குறைந்த சர்க்கரையே செலவாகிறது என்று 1861இல் காட்டினார். இன்றைய கணக்கும் அதற்கு ஒத்தே வருகிறது: காற்றில்லாத நிலையில் ஒரு கிராம் சர்க்கரையிலிருந்து ஏறக்குறைய 0.1 கிராம் ஈஸ்ட் கிடைக்கும். சர்க்கரையைச் சிறுகச் சிறுக ஊட்டி நல்ல காற்றும் கொடுத்தால் ஏறக்குறைய 0.5 கிராம் கிடைக்கும். நெடுநாள் காற்றில்லாமல் இருந்த ஈஸ்ட் தளர்ந்துவிடுகிறது, சிறிது காற்றுப்பட்டால் மீண்டும் இளமை பெறுகிறது என்பதையும், 1876இல் வெளிவந்த பீர் பற்றிய தம் நூலில் பாஸ்டரே குறித்திருக்கிறார். எர்கோஸ்டிராலின் பங்கு அவருக்குத் தெரியாது. ஆயினும் கண்டதை எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்த சுருக்க நூல்களும் வினா-விடைக் கையேடுகளும்தான் அதில் பாதியை வெட்டிவிட்டன.

“மூடிய ஜாடியில் திராட்சை மது இருந்ததே, அது எப்படி?” என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப் பிடி ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மது முதலிய சரக்குகளை ஏற்றி வந்த ஜாடிகள் அவை. ஆனால், ஜாடியின் வாயை அடைப்பதற்கு முன்பே ஈஸ்ட் வளர்ந்தாயிற்று. பழத்தை மிதிக்கும்போதே சாற்றில் காற்றுக் கலந்துவிடும். பழத்தோலில் உள்ள கொழுப்புப் பொருள்களும் ஈஸ்டுக்கு உதவும். முதலில் காற்றில் குடும்பம் பெருகியது. பிறகு காற்றில்லாமல் வேலை நடந்தது. இன்றைய பீர் ஆலைகளிலும் ஈஸ்டைச் சேர்க்கும் வேளையில் கூழில் காற்றையோ ஆக்சிஜனையோ செலுத்துகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் நொதித்தல் பாதியில் நின்றுவிடக்கூடும் என்பது தொழில் செய்வோர் அனைவரும் அறிந்தது. மாணவர்தாம் அறியார்!

இது ஆலைக்காரர் கவலை மட்டும் அன்று. பூஞ்சை நோய்களுக்கு மருத்துவர் தரும் ஃபுளுகோனசோல், ஆம்போடெரிசின் பி ஆகிய மருந்துகள் தாக்குவதும் இதே எர்கோஸ்டிராலைத்தான். முன்னது பூஞ்சை அதைச் செய்யவிடாமல் தடுக்கிறது. பின்னது சவ்வில் உள்ள எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு சவ்வைக் குலைக்கிறது. நம் உடற்செல்களில் இருப்பது கொலஸ்டிரால் என்பதால், பூஞ்சையைக் குறிவைக்க இயலுகிறது. ஒரு தெளிந்த குழாய்க்கு ‘ஏன்’ என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றிருக்கும்!

விதிவிலக்குகளும் உண்டு. மாடு தின்ற வைக்கோலைச் செரிக்க அதன் முதல் இரைப்பையில் உதவும் சில பூஞ்சைகள் ஆக்சிஜனே ஆகாதவை. அவை எர்கோஸ்டிராலுக்குப் பதிலாக வேறொரு பொருளைச் சவ்வில் வைத்துக்கொள்கின்றன. அத்தகைய உயிர்கள் உண்மையில் பூஞ்சைகளே என்பதை 1975இல் காலின் ஆர்ப்பின் எடுத்துக்காட்டினார். அதற்கு முன் அவற்றின் நீந்தும் வித்துகளை ஓரணு விலங்குகள் என்றே நூல்கள் எழுதிவந்தன. பூஞ்சைக்குக் காற்று கட்டாயம் என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது. அவரும் என்னைப் போலப் ‘பக்கத்து நோட்டைப்’ பார்த்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் நாட்டிலும் அத்தகையோர் இருந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1940களில் எம். கே. சுப்பிரமணியம் ஈஸ்ட் செல்லின் உட்கருவையும் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். புகழ்பெற்ற வெளிநாட்டு ஆய்வாளர்களின் விளக்கத்தோடு தாம் கண்டது மாறுபட்டபோது, மாறுபட்டதாகவே எழுதினார். விவாதத்தில் எவர் பக்கம் எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். விவாதம் நடப்பதற்கே, கண்டதை எழுதும் ஒருவர் வேண்டும்.

சென்ற ஆண்டு நம் துறை மாணவர்கள் இந்தச் சோதனையை மீண்டும் செய்தார்கள். இம்முறை குழாய்களை இரண்டு வரிசையாக வைத்தோம். ஒரு வரிசையில் வெறும் ஊடகம். மற்றதில் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் எர்கோஸ்டிராலும், ஓலியிக் அமிலத்தைத் தரும் ட்வீன் 80 என்னும் பொருள் 420 மில்லிகிராமும் என்ற கணக்கில் சேர்த்தோம். எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து 100 மில்லி ஊடகம் போதுமானதாக இருந்தது. எர்கோஸ்டிரால் ஒரே ஒரு மில்லிகிராம்தான் செலவு. பணமில்லை என்று சொல்ல வழியில்லை!

ஐந்தாம் நாள் ஒரு மாணவி வந்தார். “சார், எர்கோஸ்டிரால் போட்ட மூணாவது குழாய் நல்லா கலங்கியிருக்கு. போடாதது தெளிவா இருக்கு. ஆனா இன்னொரு செட்ல போடாததும் கலங்கியிருக்கு சார். என்ன எழுதறது?” என்றார்.

“பார்த்ததை எழுதும்மா. ரெண்டையும் எழுது” என்றேன்.

கலங்கிய அந்தக் குழாயை அவரே திருப்பித் திருப்பிப் பார்த்து, ரப்பர் அடைப்பானில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். ஈஸ்டுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அவ்வளவு சிறிது! வெடிப்பு வழியே கசிந்ததே அதற்குப் போதும். இது அவருடைய ஊகம். மறுமுறை செய்து பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். ‘உறுதி செய்ய வேண்டும்’ என்றே பதிவேட்டில் எழுதினார். அந்தப் பக்கத்தில் நான் போட்ட கையெழுத்தைப் போல மனநிறைவோடு வேறு எதிலும் போட்டதில்லை.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். செய்முறைப் பதிவேட்டின் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, நூலோடு ஒத்துவராத முடிவுக்கும் அதற்கு மாணவர் காட்டும் காரணத்துக்கும் ஒதுக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடியும் சோதனைகளை மட்டுமே நடத்தும் வழக்கம் மாறி, பருவத்திற்கு ஒன்றேனும் வாரக்கணக்கில் நீளும் சோதனை இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எல்லா ஆண்டு மாணவரும் தத்தம் முடிவை எழுதும் பொது நோட்டு ஒன்று வைக்க வேண்டும். பத்தாண்டுக் குழாய்கள் ஒரே நோட்டில் வரிசையாக நின்றால், தெளிந்த குழாய் எவருடைய ‘கைத் தவறு’, எது இயற்கை சொல்லும் செய்தி என்பது தானே விளங்கிவிடும்.

நண்பர்கள் மறுக்கிறார்கள். “அறுபது மாணவர், இரண்டு ஆசிரியர், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நூலில் உள்ள விடையைத்தான் எதிர்பார்ப்பார், பிள்ளைகளின் மதிப்பெண் போய்விடும்” என்கிறார்கள். இந்த அச்சம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். நானும் அந்த அச்சத்தில்தான் எழுதினேன். தேர்வாளர் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா? நாமும்தானே வேறு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போகிறோம்! அங்கே மேசைமேல் ஒரு தெளிந்த குழாயும், ‘வளரவில்லை’ என்ற நேர்மையான குறிப்பும் இருந்தால், மதிப்பெண் போடுவது நம் கையில்தானே இருக்கிறது?

‘செய்த தவறு’ என்று மறைக்கக் கற்ற மாணவர் நாளை மருத்துவமனை ஆய்வகத்தில் அமர்வார். நோயாளியின் இரத்தத்தில் எதிர்பாராத ஓர் அளவு வரும். ‘வழக்கமாக இப்படி வராதே’ என்று எண்ணி, வழக்கமானதை எழுதிவிட்டால்? கல்லூரியில் ஒரு கூட்டல் குறிதான் பொய். அங்கே அதன் விலை ஓர் உயிராக இருக்கலாம். பழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை உங்கள் குழாய் நூலோடு சண்டையிட்டால், அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள். நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். கண்டதை எழுதுங்கள். மறுபடி செய்யுங்கள். கையெழுத்துப் போட நான் மறுத்தால், இந்த மலரை எடுத்து வந்து இந்தப் பக்கத்தை என்முன் விரித்து வையுங்கள்.

— தாவரவியல் துறை ஆசிரியர் ஒருவர்